சுங்கைவேயில் மூன்று மாதம்

நம் நாட்டில் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. ஆண்டு முழுக்க வெயில், நடுநடுவே மழை. வெளிநாட்டுக் கதைகளில் இளம்பெண்கள் கோடைக்குப் பெரிய நகரம் போய், வேலை பார்த்து, கொஞ்சம் பணமும் நிறைய அனுபவமுமாகத் திரும்புவார்கள். அதற்கு ஈடாக நம் பிள்ளைகளுக்கு வாய்த்தது எஸ்.பி.எம். சோதனைக்கும் அதன் முடிவுக்கும் இடைப்பட்ட காலம். அப்போதெல்லாம் ஆண்டுக் கடைசியில் சோதனை முடியும். மார்ச்சில் முடிவு வரும். நடுவில் மூன்று மாதம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கார் உரிமம் எடுப்பார்கள், தட்டச்சு வகுப்புக்குப் போவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போவோம்.

அதற்குக் காரணம் மரம். எங்கள் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் இருந்தது. இன்று அந்த ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பால்மரம் ஆண்டுத் தொடக்கத்தில், ஏறக்குறைய பிப்ரவரி, மார்ச் மாதங்களில், இலையெல்லாம் கொட்டிப் புதுத் தளிர் விடும். அந்த வாரங்களில் பால் குறைந்துவிடும். பால் குறைந்தால் வெட்டுக்காரர் வீட்டில் சம்பளமும் குறையும். ஜனவரியில் பள்ளி திறந்து, தம்பி தங்கைகளுக்குச் சீருடை, காலணி, புத்தகப்பை என்று கையிருப்பு கரைந்த பிறகு இந்தப் பஞ்சம் வந்து நிற்கும். சரியாக அந்த நேரம் பார்த்துப் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருக்கிறாள் என்றால், அவள் சும்மா இருக்க முடியுமா? விடுமுறை வேலை என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். விடுமுறை என்னவோ மரத்துக்குத்தான்.

1990-இல் சோதனை எழுதிய கூட்டம் நாங்கள். டிசம்பர் கடைசியில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளத் துணியைக் கட்டியிருந்தார்கள்: 'ஜவாத்தான் கோசோங்'. வேலை காலி. பெட்டாலிங் ஜெயா, சுங்கைவேயில் மின்னியல் தொழிற்சாலை, பெண்கள் வேண்டும், அனுபவம் தேவையில்லை. அப்பா இரண்டு நாள் பதிலே சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தோழி ஒருத்தியும் வருகிறாள், அவளுடைய பெரியம்மா வீடு சுங்கைவே பக்கத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தார். "மூணு மாசம்தான். ரிசல்ட் வர்ற அன்னைக்கு நீ இங்க நிக்கணும்." அம்மா ஒன்றும் சொல்லாமல் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் துணி வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

கோலாலம்பூர் வந்து பஸ் மாறினோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் முதலில் தென்பட்டது அங்காசாபுரி. தோட்டத்தில் பிரட்டுக்கு எழும் நேரத்தில் லயத்துக்கு லயம் கேட்கும் தமிழ் வானொலி, இன்றைக்கு மின்னல் எஃப்.எம். என்கிறோமே, அது அந்தக் கட்டடத்துக்குள்ளிருந்துதான் வருகிறது என்று தோழி சொன்னாள். இருவரும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். யாராவது அறிவிப்பாளர் வாசலில் நிற்பார் என்று நினைத்தோமோ என்னவோ. சற்றுத் தள்ளி கோத்தா டாருல் ஏசான் வளைவு. 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆனதன் நினைவாக எல்லையில் எழுப்பியது. அந்த வளைவுக்கு அடியில் நுழைந்தால் பி.ஜே.

பி.ஜே.யில் என்னைக் குழப்பியது தெருக்கள். பெயர் கிடையாது, நம்பர். ஜாலான் 14 கோடு 20 என்பார்கள். செக்‌ஷன் 14-இல் இருபதாவது தெரு. எஸ்.எஸ். 2, எஸ்.எஸ். 9 என்பார்கள். எஸ்.எஸ். என்றால் சுங்கைவே–சுபாங் என்று தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆயிற்று. இதுவரை பி.ஜே.யில் வழி தவறாதவர் யாராவது இருந்தால் அவர் அங்கே பிறந்தவராக இருக்க வேண்டும், அவர்களும் தவறுவார்கள்.

"ஏன் பெரியப்பா, இங்க ரோட்டுக்கெல்லாம் பேரே வைக்க மாட்டாங்களா?" என்று தோழியின் பெரியப்பாவிடம் கேட்டேன்.

"உங்க தோட்டத்துல காட்டுக்குப் பேரா வச்சிருக்கான்? நம்பர்தானே? இதுவும் தோட்டம்தான் பிள்ள," என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையிலேயே தோட்டம்தான். பழைய பட்டணம் எழுந்த இடம் எஃபிங்ஹாம் தோட்டம் என்ற ரப்பர் தோட்டம், சுமார் 1,200 ஏக்கர். 1950-களின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஆள் நெரிசலும் புறம்போக்குக் குடிசைகளும் பெருகியபோது, பக்கத்தில் ஒரு துணை நகரம் வேண்டும் என்று அன்றைய ஆங்கில ஆட்சி அந்த மரங்களை வெட்டி வீடு கட்டியது. அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதே அவசரகாலத்தில் முள்வேலி போட்டு உருவாக்கிய சீனப் புதுக்கிராமங்களில் ஒன்றுதான் சுங்கைவே. ஆக, ஒரு தோட்டத்திலிருந்து புறப்பட்டு இன்னொரு தோட்டத்துக்குத்தான் நாங்கள் வேலைக்கு வந்திருந்தோம். இந்தத் தோட்டத்தில் மரத்தை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சுங்கைவேயைச் சொன்னால் எனக்கு முதலில் வருவது வாசனை. நெடுஞ்சாலை ஓரத்தில் 1960-களிலிருந்தே பீர் ஆலை ஒன்று இருக்கிறது. அன்றைக்கு கின்னஸ் ஆங்கர், இன்றைக்கு ஹைனெக்கன். பார்லியை வேக வைக்கும் நாளில் காற்று திரும்பினால், பெரிய பானையில் கஞ்சி கொதிப்பது போல் ஊரே மணக்கும். அதற்குச் சற்றுத் தள்ளி வேலி போட்ட சுதந்திர வாணிப வட்டாரம். 1971-இல் சட்டம் கொண்டுவந்து, 1970-களின் தொடக்கத்திலேயே பினாங்கின் பாயான் லெப்பாசிலும் இங்கேயும் இப்படிப்பட்ட வட்டாரங்களைத் திறந்தார்கள். வெளிநாட்டு நிறுவனம் பொருளைக் கொண்டுவந்து, பூட்டி, திருப்பி அனுப்பலாம்; சுங்க வரி இல்லை. மோட்டோரோலா போன்ற அமெரிக்க நிறுவனங்கள் அப்படித்தான் வந்தன. வந்தவர்கள் கேட்டது இளம்பெண்களின் விரலையும் கண்ணையும். கம்பத்திலிருந்து மலாய்ப் பெண்கள், புதுக்கிராமத்திலிருந்து சீனப் பெண்கள், தோட்டத்திலிருந்து நாங்கள்.

அந்தப் பெண்களுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் இருந்தது, 'மீனா காரான்' என்று. காரான் என்றால் மின்சாரம். நம் 'கரண்ட்'டுக்குத் தம்பி முறை. மலாய்ப் பெண்களைக் கேலி செய்ய எழுந்த பெயர், பிறகு எல்லார் மேலும் ஒட்டிக்கொண்டது. சொந்தமாகச் சம்பாதித்து, ஞாயிற்றுக்கிழமை உதட்டுச்சாயம் பூசி வெளியே போகும் பெண்ணைப் பார்த்து ஊர் என்ன சொல்லுமோ அதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். இத்தனைக்கும் அந்தப் பெண்களில் பாதிப்பேர் சம்பளத்தைக் கிளந்தானுக்கும் திரெங்கானுவுக்கும் மணியார்டரில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வேலை என்ன என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். தங்கத்தைப் பார்க்கிற வேலை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். சீப்பு மாதிரிப் பல் பல்லாக இருக்கும் உலோகத் தகட்டின் நடுவில், எள்ளைவிடச் சற்றுப் பெரியதாக ஒரு சில்லு உட்கார்ந்திருக்கும். சில்லிலிருந்து ஒவ்வொரு பல்லுக்கும் இயந்திரம் தங்கக் கம்பி இழுத்து ஒட்டும். ஒரு மில்லிமீட்டரை நாற்பது பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் அந்தக் கம்பியின் கனம். தலைமுடி அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பு. அதை நுண்ணோக்கியில் பார்த்து, கம்பி அறுந்திருக்கிறதா, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா, விட்டுப் போயிருக்கிறதா என்று பிரிப்பது எங்கள் வேலை. நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம். முதல் வாரம் தலைவலி. இரண்டாம் வாரம் கண்ணை மூடினாலும் தங்க வளைவுகள் வரிசையாக ஓடும். மூன்றாம் வாரம் அந்த வளைவுகள் அழகாக இருப்பது தெரிந்தது. கோலத்தில் புள்ளியைச் சுற்றி வளைக்கிறோமே, அப்படி.

உள்ளே போகும் முன் குல்லாய், மேலங்கி, தனிச் செருப்பு. மணிக்கட்டில் ஒரு பட்டை. அதிலிருந்து சுருள் கம்பி மேசைக்குப் போகும். நம் உடம்பில் தேங்கும் மின்னூட்டம் நமக்குத் தெரியவே தெரியாது, சில்லைக் கொன்றுவிடும். பவுடர் கூடாது. திருநீறு, குங்குமம் கூடாது, துகள் உதிரும். பூ வைக்கக் கூடாது. முதல் நாள் வாசலில் நின்று தோழியும் நானும் நெற்றியைத் துடைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. வெறும் நெற்றியோடு பெண் பிள்ளை வெளியே போகக் கூடாது என்று வளர்ந்தவர்கள். பிறகு ஒட்டுப்பொட்டை உள்ளங்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வெளியே வந்ததும் ஒருவருக்கொருவர் ஒட்டிவிடப் பழகிக்கொண்டோம். பஸ்ஸில் கண்ணாடி கிடையாது.

முதல் முறை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இந்தக் கம்பி விவகாரத்தையெல்லாம் விளக்கினேன். எட்டு மணி நேரம் உற்றுப் பார்க்கணும், கை நடுங்கக் கூடாது, கீறல் பட்டால் மொத்தமும் கழிவு என்று. அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "காயம் படாம வெட்டணும், அதானே?" என்றார்.

அதேதான். பால் வெட்டத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒவ்வொரு வெட்டிலும் ஒன்றரை மில்லிமீட்டர் போலத்தான் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. சற்றுக் கூடினால் உள்தோலில் காயம் பட்டு, ஆறும்போது பட்டை முடிச்சு முடிச்சாகி, மறுபடி அந்த இடத்தில் வெட்ட முடியாது. விடியற்காலை இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரத்தில் இதைச் செய்கிறவர்களைப் பார்த்துத் 'திறன் இல்லாத தொழிலாளர்' என்று எழுதியவர்கள் யாரென்று தெரியவில்லை. எங்களுக்கும் அதே பட்டியலில்தான் இடம்.

மூன்று ஷிஃப்ட். காலை, மதியம், இரவு. வாரத்துக்கு வாரம் மாறும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, தொழிற்சாலையில் பெண்களை இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணிவரை வேலை வாங்கக் கூடாது என்று சொன்னது. ஷிஃப்ட் வேலைக்கு அனுமதி வாங்கிக்கொண்டால் விதிவிலக்கு உண்டு. விதிவிலக்கில்தான் இந்த நாட்டு மின்னியல் தொழிலே நடந்தது. அந்தப் பிரிவையே 2023 ஜனவரி 1 முதல் நீக்கிவிட்டார்கள். சங்கம் விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். மின்னியல் தொழிலாளர்கள் சங்கம் வைத்துக்கொள்ளப் பல ஆண்டு அனுமதி இல்லை. 1988-இல்தான் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் இறங்கி வந்தது. தோட்டத்தில் சங்கம் என்பது கோயில், கடை மாதிரி எப்போதும் இருக்கிற ஒன்று. இங்கே அந்தச் சொல்லையே மெதுவாகச் சொன்னார்கள்.

பெரியம்மா வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்களையும் சேர்த்து ஏழு பெண்கள், நான்கு மெத்தை. கணக்கு சரியாக வரும். எப்போதும் மூன்று பேர் வேலையில் இருப்பார்கள். நான் இரவு வேலை முடிந்து வரும்போது காலை வேலைக்குப் போகிறவளின் தலையணை சூடாகவே இருக்கும். சமையல் சாடின் குழம்பு, நெத்திலிச் சம்பல், ரசம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெரியம்மா கோழி வாங்குவார். வாடகையைக் கறாராக வாங்குவார். காய்ச்சல் என்றால் மிளகு ரசத்தோடு தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார்.

வரிசையில் என் பக்கத்து இருக்கை கோத்தா பாருவிலிருந்து வந்த அக்கா. மலாயில் 'கக்கா' என்று கூப்பிட வேண்டும். தோழி நல்ல தமிழ் வாயால் நீட்டி 'காக்கா' என்பாள். தமிழில் அது எந்தப் பறவை என்று தெரிந்த நாளில் அந்த அக்கா சிரித்த சிரிப்புக்குச் சூப்பர்வைசர் எழுந்து வந்துவிட்டார். கண்ணை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான்: இருபது தகட்டுக்கு ஒரு முறை தலை தூக்கி, தூரத்துச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார். நேரம் பார்ப்பதற்கில்லை, தூரம் பார்ப்பதற்கு. இன்றும் கணினி முன்னால் உட்கார்ந்தால் அப்படித்தான் செய்கிறேன்.

தைப்பூசம் வந்தது. சிலாங்கூரில் பொது விடுமுறை. எல்லைக்கு அந்தப் பக்கம் கோலாலம்பூரில் அன்றைக்கு விடுமுறை கிடையாது, 2008-இல்தான் கொடுத்தார்கள். பத்துமலை சிலாங்கூரில், தேர் புறப்படுவது கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து. முருகன் ஆண்டுதோறும் விடுமுறை இல்லாத ஊரில் கிளம்பி விடுமுறை உள்ள ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். மதிய ஷிஃப்ட் முடிந்து பதினொரு மணிக்கு வெளியே வந்து, பெரியப்பா தெரிந்தவரின் வேனைப் பிடித்துக்கொடுக்க, ஏழு பெண்களும் வெள்ளித் தேருக்குப் பின்னால் நடந்தோம். தோட்டத்திலிருந்து லாரியில் நின்றுகொண்டு பத்துமலை வந்திருக்கிறேன். அப்பா, அண்ணன் யாரும் இல்லாமல், நடுராத்திரியில், கோலாலம்பூர் தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை. பயமே இல்லை. அந்தக் கூட்டத்தில் எங்களைப் போலத் தொழிற்சாலை அடையாள அட்டையைக் கழற்ற மறந்த பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

ஓய்வு நாளில் இளஞ்சிவப்பு பஸ் மினி ஏறுவோம். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். படியில் தொங்குகிறவருக்கும் அதேதான். ஒருமுறை மஸ்ஜிட் இந்தியா, ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ், மற்ற நாளெல்லாம் செக்‌ஷன் 14 ஜெயா சூப்பர்மார்க்கெட். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. குளிரில் நடப்போம், தானியங்கிப் படியில் ஏறி இறங்குவோம். 1974-இல் திறந்த அந்தக் கட்டடத்தை இடிக்கும்போது, 2009 மே 28-ஆம் தேதி, அது தானாகச் சரிந்து இந்தோனேசியத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இப்போது அதே இடத்தில் புதுக் கட்டடம். அந்தப் பக்கம் போனால் நான் இன்னும் பழைய வாசலைத்தான் தேடுகிறேன்.

சம்பளம், ஓவர்டைம் எல்லாம் சேர்த்து, மாதம் 300 வெள்ளிக்குச் சற்று மேல். முதல் உறையைப் பிரிக்காமல் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். அந்த மாதம் மரம் மொட்டையாக நின்றது. அப்பா, அம்மா இருவர் சம்பளத்தையும் சேர்த்தால்கூட என் உறைக்குப் பெரிதாக மிஞ்சவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று இரவு அப்பா எனக்கு முதலில் சோறு போடச் சொன்னார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 28-ஆம் தேதி பிரதமர் மகாதீர் 'வாவாசான் 2020' திட்டத்தை அறிவித்தார். மறுநாள் உணவகத்தில் நாளிதழ் கைமாறியது. 2020-இல் நமக்கு என்ன வயது என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டோம், நாற்பத்தாறு, நாற்பத்தேழு. அவ்வளவு வயது வரை யார் இருப்பார்கள் என்பது போல் சிரித்தோம். 2020 வந்தபோது என்ன நடந்தது என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. கூட்டரசு நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது.

மார்ச்சில் முடிவு வந்தது. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு முதல் நாளே ஊருக்குப் போனேன். தோழியும் வந்தாள். அவளுடைய முடிவு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கணிதத்தில் மிக நல்ல புள்ளி. அதற்கு முந்தைய வாரமே லைன் லீடர் எங்கள் இருவரையும் அழைத்து, நிரந்தர வேலைக்குப் பெயர் கொடுக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். நான் ஆறாம் படிவத்துக்குப் போனேன். தோழி சுங்கைவேக்குத் திரும்பினாள்.

இது தனிப்பட்ட மனிதர்களின் துணிச்சல், தயக்கம் பற்றிய விஷயமாகத் தெரியலாம். தோட்டத்து வீட்டின் கணக்கு தெரிந்தவர்களுக்கு அப்படித் தெரியாது. லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத்தான். அவள் அப்பா இறந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அம்மா ஒருவர் பேரில் வீடு. அவருக்கும் ஓய்வு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட ஆரம்பித்துவிட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. கீழே மூன்று தம்பிகள். அம்மா வேலையை விடும் நாளில் ஐந்து பேரும் சட்டி பானையோடு வெளியே வர வேண்டும். அதற்குள் பட்டணத்தில் யாராவது ஒருவர் கூரை பிடித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா உயிரோடு இருந்தார், வெட்டிக்கொண்டிருந்தார், ஏப்ரலில் மரம் மறுபடி தளிர்த்தது. எங்கள் இருவருக்கும் இருந்த வேறுபாடு அவ்வளவுதான். 1990-களில் தோட்டம் தோட்டமாகத் துண்டாடி, மக்கள் புறம்போக்கு நிலத்துக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தபோது, பல குடும்பங்களில் முன்னால் போய் இடம் பிடித்தது இப்படி ஒரு பெண்தான். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களைப் பற்றிய பேச்சில் பையன்கள்தான் அதிகம் வருகிறார்கள், தறுதலையானவர்களும் சேர்த்து. நுண்ணோக்கியில் குனிந்திருந்த பெண்கள் அவ்வளவாக வருவதில்லை.

அவள் இருபத்தாறு ஆண்டு அங்கே இருந்தாள். லைன் லீடர் ஆனாள். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள் வந்தபோது அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். 1997, 98 பொருளாதார நெருக்கடியில் தப்பித்தாள். 2017-இல் விருப்பப் பணிவிலகல் என்று ஒரு தொகை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். படிக்கப் போகவில்லையே என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். "மூணு பேர் படிச்சானுங்க. ஒருத்தனுக்குத்தான் கணக்கு வரல. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

சென்ற மாதம் அவளோடு சுங்கைவே போனேன். அந்தப் பகுதிக்கு இப்போது செரி செத்தியா என்று பெயர்; கொமுட்டர் ரயில் நிலையமும் அதே பெயரில். பி.ஜே. 2006 ஜூன் 20-இல் மாநகர் ஆகிவிட்டது. செக்‌ஷன் 13-இல் தொழிற்சாலை இருந்த இடமெல்லாம் அடுக்குமாடியும் அலுவலகமும். ஜாலான் யுனிவர்சிட்டியில் ரோத்மன்ஸ் என்று எல்லாரும் வழி சொன்ன சிகரெட் ஆலை 2017-இல் உற்பத்தியை நிறுத்தியது. சுதந்திர வாணிப வட்டாரம் மட்டும் அப்படியே வேலிக்குள் இருக்கிறது. மோட்டோரோலாவின் சில்லுப் பிரிவு 2004-இல் ஃப்ரீஸ்கேல் ஆகி, 2015-இல் என்.எக்ஸ்.பி.யோடு சேர்ந்து, இன்றும் அங்கேதான் இயங்குகிறது. நம் காருக்குள் இருக்கும் ஏதாவதொரு சில்லு அந்த வேலியைத் தாண்டி வந்ததாக இருக்கலாம். ஷிஃப்ட் மாறும் நேரம், பஸ்கள் வரிசையாக நின்றன. இறங்கிய பெண்கள் பேசிய மொழி எதுவும் எங்கள் இருவருக்கும் புரியவில்லை. நடையில் இருந்த அவசரம் புரிந்தது.

அவள் தம்பி மகளும் கூட வந்திருந்தாள். கணக்கு வராத தம்பியின் மகள். எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். திங்கட்கிழமை முதல் பேரங்காடி ஒன்றில் துணிக்கடை வேலை. அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆக்கியிருக்கிறதே, கிடைக்குமா என்று நான் கேட்டேன். பகுதிநேரம் என்பதால் மணிக்கணக்காம்.

தோழி வேறு கேள்வி கேட்டாள். "சாப்பாட்டுக்கு எத்தனை நிமிஷம் விடுவாங்க?"

"முக்கால் மணி, அத்தை."

"உக்கார நாற்காலி உண்டா?"

"கிடையாது. நின்னுக்கிட்டேதான்."

தோழி அவள் காலைப் பார்த்தாள். மெல்லிய அடி வைத்த, தங்க நிறக் கொக்கி போட்ட செருப்பு. "இதைப் போட்டுக்கிட்டு எட்டு மணி நேரம் நிக்க முடியாது. வா, பழைய பட்டணத்துல கடை திறந்திருக்கும்," என்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். எந்தத் தெரு என்று கேட்டதற்கு, திரும்பாமலே ஒரு நம்பர் சொன்னாள்.